கேளாத மணி

எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு மணி என்று பெயர் வைத்தது என் மனைவி. மணி என்று ஒரு நாய் இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா, வேறு பெயர் யோசிக்கக் கூடாதா என்று கேட்டேன். "எந்தப் பேர் வச்சாலும் அதுக்குக் கேக்கப்போறதில்ல, கூப்பிடுற நமக்கு வாயில சுளுவா வந்தாப் போதும்" என்றாள். அது பிறவிச் செவிடு.

ராஜபாளையத்தில் நாய் வளர்க்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். நான் போஸ்ட் ஆபீசில் இருந்த காலத்தில் மாதம் தவறாமல் ஆர்.டி. கட்ட வந்தவர். அவர் வீட்டில் ஈன்ற ஏழு குட்டிகளில் ஆறு, கண் திறந்த கொஞ்ச நாளில் அலுமினியத் தட்டைக் கீழே போட்டால் துள்ளி எழுந்தன. ஏழாவது தூங்கிக்கொண்டே இருந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, இரண்டு கண்ணும் நீலம். இந்த ஜாதியில் அப்படி அமைவது உண்டு. தோலுக்கும் கண்ணுக்கும் நிறம் கொடுக்கிற அதே செல்கள்தான் உள்காதையும் உயிரோடு வைத்திருக்கின்றன. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் காது அடங்கிவிடும். எந்த வெள்ளைக்காக ராஜபாளையம் நாயை மெச்சுகிறோமோ அந்த வெள்ளைக்குச் சில குட்டிகள் கொடுக்கிற விலை அது. 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது எங்கள் ஊர்ப் பக்கத்து நாயும் அதில் இருந்தது. கவுன்டரில் உட்கார்ந்து ஏதோ என் சொந்தக்காரன் படம் வந்துவிட்ட மாதிரி வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினேன். செவிட்டு நாய்க்குத் தபால்தலை கிடையாது, வாங்குவாரும் கிடையாது. "காவலுக்கு ஆகாது அண்ணாச்சி. சும்மா எடுத்துட்டுப் போங்க. சும்மான்னா சும்மா இல்ல, ஒரு ரூபா வச்சிட்டுப் போங்க" என்றார். பதினோரு ரூபாய் வைத்தேன்.

எங்கள் ஊர் தேவதானத்துக்குக் கொண்டுவந்தபோது அதற்கு இரண்டு மாதம். எனக்கு அறுபத்தேழு வயது. இரண்டு பேருக்கும் மூத்திரம் அடக்க வராது. இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியது. எனக்குப் புராஸ்டேட் வீக்கம், ராத்திரி மூன்று தரம் எழுந்திருக்கிறேன். குட்டிக்கு ஒரு கணக்கு உண்டு: எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும், அத்தனை மணி நேரம் தாங்கும். ஆக மூன்று மணி நேரம். அதுவும் பகலில் நம்ப முடியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். ஓடுவதற்குள் பட்டாசாலையின் சிவப்புச் சிமெண்ட் தரையில் ஒரு குளம். பினாயில் போட்டுத் துடைத்தால் நமக்குத்தான் வாசம் போகிறது. அதன் மூக்குக்குப் பழைய இடம் நன்றாகத் தெரிகிறது, மறுபடி அங்கேயே போகிறது. வினிகர் ஊற்றித் துடைத்த பிறகுதான் அடங்கியது.

முதல் வாரம் நான் அதைப் பார்த்துக் கத்தினேன். செவிட்டு நாயை அதட்டிய மனுஷனை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சாமி கும்பிடுற மாதிரி இருக்கு" என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அப்போது கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்து வந்தால் தரையில் தண்ணீர். குட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பேப்பரைச் சுருட்டி முதுகில் ஒரு போடு போட்டேன். வலித்திருக்காது, ஆனால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. துடைக்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது, கரண்ட் போய் பிரிட்ஜிலிருந்து வழிந்த தண்ணீர் அது.

மகாபாரதத்தை ஒரு நாய்க்கதை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் ஆதிபர்வத்தின் தொடக்கத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஜனமேஜயன் யாகம் நடக்கிறது. ஒரு நாய்க்குட்டி அந்தப் பக்கம் வருகிறது. தம்பிமார் மூன்று பேர் அதை அடித்து விரட்டுகிறார்கள். அது அழுதுகொண்டு தாயிடம் போகிறது. தாய் சரமை, தேவலோகத்து நாய். அவள் யாகசாலைக்கு வந்து, என் பிள்ளை அவிசை நக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, எதற்காக அடித்தீர்கள் என்று கேட்கிறாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எதிர்பாராத பயம் ஒன்று உங்களை வந்து சேரும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். பதினாறு பர்வம் தாண்டி வருகிற வாசகனுக்குப் பதினேழாவதில் மறுபடி ஒரு நாய் வருகிறது, தருமனின் பின்னாலேயே மலை ஏறி. நாய் வைத்திருப்பவனுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை, விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்கிறான் இந்திரன். சுத்தம் அசுத்தம் பற்றிய பழைய வாதம்தான். எங்கள் வீட்டிலும் அது உண்டு. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் சன்னதியில் நெய் விளக்கேற்றி, நாய் வாகனத்தின் காதுப்பக்கமாக நின்று வேண்டிக்கொண்டு வருகிற என் மனைவி, மணியைப் பூஜை அறைப் படியைத் தாண்ட விடுவதில்லை. நான் இதில் இந்திரன் பக்கமா தருமன் பக்கமா என்று கேட்டால், பேப்பரால் அடித்தவன் இரண்டு பக்கமும் சேர முடியாது என்றுதான் சொல்வேன். என்னுடைய இடம் அந்த மூன்று தம்பிமார் பக்கத்தில்.

கதவில் மணி கட்டுகிற யோசனை கால்நடை மருந்தகத்தில் கிடைத்தது. கன்றுக்குட்டி கழுத்தில் கட்டிய பழைய வெண்கல மணி ஒன்று பரணில் கிடந்தது. சணலில் கோத்து, வாசல் கதவில் அதன் மூக்கு உயரத்துக்குத் தொங்கவிட்டேன். மணியின் நாக்கிலும் விளிம்பிலும் துளி நெய் தடவினேன். அது நக்கவரும்போது மணி ஆடும். ஆடிய உடனே கதவைத் திறக்க வேண்டும். நொடி தாமதித்தாலும் அதற்கு இரண்டும் வேறுவேறு காரியம் ஆகிவிடும். திறந்து தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் விட்டு, அது ஒன்றுக்கு இருந்து முடித்ததும் அங்கேயே வைத்துப் பொரிகடலை கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். பேச்சு உதவாததால் எல்லாவற்றுக்கும் கை ஜாடை. கட்டை விரலை உயர்த்தினால் சபாஷ். ராத்திரியில் டார்ச்சை இரண்டு தரம் அணைத்து எரித்தால் வா. பகலில் உள்ளே இருக்கும்போது காலால் தரையைத் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். நாலைந்து நாளில் நெய்யைக் குறைத்து, பிறகு நிறுத்திவிட்டேன்.

பதினோராம் நாள் காலை, காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். மணிச்சத்தம். நெய் இல்லாத மணியை மூக்கால் முட்டிவிட்டு, கதவைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தது. நான் டம்ளரை வைத்துவிட்டு ஓடினேன். முருங்கை மரத்தடியில் அது காலை அகட்டி நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் குட்டிக்கு மணி என்றால் என்னவென்றே தெரியாது. அது ஒலிக்கிறது என்பது அதற்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. மூக்கில் குளிர்ச்சியாக ஏதோ படுகிறது, அப்புறம் ஒருவன் எழுந்து வருகிறான். இடையில் என்ன நடந்தது என்பது அதன் அறிவுக்கு அப்பால். தன் காதில் ஒருநாளும் விழாத சத்தத்தால் அது என்னைக் கூப்பிடுகிறது.

கேள் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. காதில் வாங்குவதும் கேட்பது, ஒன்றை வேண்டுவதும் கேட்பது. காது கேளாதவனுக்கு வேண்டுதலும் சொல்ல வராது என்று ஊர் நினைப்பது அதனால்தானோ என்னவோ. என் நாய் கேளாமலே கேட்கிறது.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஊர் சுவாமிக்கு நச்சாடை தவிர்த்தருளியவர் என்று பெயர். அம்பாள் தவம்பெற்ற நாயகி. ஊர் பெயரே கோயிலுக்கு விட்ட நிலம் என்று பொருள்படும். கல்வெட்டுகளில் சிவன் கோயில் நிலத்துக்குத் தேவதானம் என்பது வழக்கம். பஞ்சபூதத் தலங்கள் என்றால் எல்லோரும் காஞ்சிபுரம், சிதம்பரம் என்று தொடங்குவார்கள். எங்கள் பக்கத்துக்குத் தனியாக ஐந்து உண்டு: சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று. தேவதானம் ஆகாயம், அதாவது வெளி. எங்கள் பேச்சில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே டைல்ஸ் ஒட்டிய கக்கூஸ் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போடுகிறவன், "வெளிக்குப் போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்கிறான். சிவனுக்கும் இதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோமே என்று யாரும் இதுவரை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் யோசித்துக்கொண்டு நின்றது சுவாமியின் பெயரைப் பற்றி. விஷம் தோய்ந்த ஆடை ஒன்று பாண்டிய அரசனுக்கு அனுப்பப்படுகிறது, சிவன் அதிலிருந்து காப்பாற்றுகிறார். சொல்கிறவரைப் பொறுத்துத் தலக்கதையின் விவரம் கூடும் குறையும். ஆனால் ஆடை பட்டாடையாகத்தான் வந்திருக்கும், கைநீட்டி வாங்கும் அரசனுக்கு ஆபத்து தெரிந்திருக்காது. தெரியாத ஆபத்துக்கு யாரும் வேண்டிக்கொள்ள முடியாது. எந்த மணியும் அடிக்கப்படாமல் காரியம் செய்தவர் இவர். அப்படிப்பட்டவரின் சன்னதியில் மணி எதற்கு? அவருக்குத் தெரியும் என்றால் நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாது என்றால் அவரிடம் சொல்லிப் பயனில்லை. சின்ன வயசிலிருந்து எனக்கு இருக்கிற சந்தேகம் இது. அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது பெயர் நட்சத்திரம் கேட்டால், ரிஜிஸ்டர் தபாலில் விலாசம் சரிபார்ப்பது போல் இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னோடு சார்ட்டிங்கில் ஒரு ஐயங்கார் இருந்தார். தென்கலை. ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடிப்பார். பை பிரிக்கும் நேரத்தில் வேதாந்தம் பேசுவோம். வடகலையாருக்குக் குரங்கு, தென்கலையாருக்குப் பூனை என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் போச்சு. பூனைக்குட்டிக்கு ஒரு வேலையும் இல்லை, தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். சரணாகதிக்கு நம் பங்கு ஏதாவது வேண்டுமா வேண்டாமா என்பதுதான் நூற்றாண்டுகளாக நடக்கிற வழக்கு. வேதாந்த தேசிகர் ஒரு பக்கம், பிள்ளை லோகாசாரியாரும் மணவாள மாமுனிகளும் மறுபக்கம். "அப்போ நாய்க்குட்டிக்கு என்ன சாமி நியாயம்?" என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். "நாய்க்குட்டி எங்க சம்பிரதாயத்துல கிடையாது ஓய். அது உம்ம பைரவர் டிபார்ட்மென்ட்" என்று சிரித்தார்.

இப்போது அவர் இருந்தால் சொல்லுவேன். நாய்க்குட்டி குரங்கைப் போல் பிடித்துக்கொள்ளவும் இல்லை, பூனையைப் போல் சும்மா கிடக்கவும் இல்லை. அது மணி அடிக்கிறது. ஆனால் மணி அதனுடையது இல்லை. கதவைத் திறக்கிறவனே மணியையும் கட்டினான், நெய்யையும் தடவினான், முட்டுவதற்குப் பழக்கினான். குட்டியிடம் சொந்தமாக இருந்தது அந்த அவஸ்தை மட்டும்தான். ஐயங்கார் இதைக் கேட்டிருந்தால், அப்படியானால் அதுவும் பூனைதான், கொஞ்சம் சுற்றி வந்த பூனை என்று தன் கட்சிக்கு இழுத்திருப்பார். இழுக்கட்டும். எனக்கு இன்னும் தீராத இடம் வேறு.

மணியைக் கட்டியது யாருக்காக? அது வந்த முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. விளையாட்டை நடுவில் நிறுத்தும், தரையை முகர்ந்து ஒரு சுற்றுச் சுற்றும், வாலடியில் ஒரு விறைப்பு வரும், வாசல் பக்கம் ஒரு பார்வை. இதற்கு மேல் ஒரு ஜீவன் என்ன சொல்ல வேண்டும்? நான் அந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மொழி எனக்குப் புரியாததால் என் மொழியில் ஒரு சொல்லை அதற்குக் கற்றுக்கொடுத்தேன், பிறகு அது கற்றுக்கொண்டுவிட்டது என்று தெருவெல்லாம் சொன்னேன்.

அம்மாவுக்கு வாதம் வந்தபோதும் இப்படித்தான். வலப்பக்கம் விழுந்து பேச்சும் போய்விட்டது. பட்டாசாலையில் இரும்புக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தோம். இடது கையை மட்டும் அசைப்பாள். மோதிர விரலில் தேய்ந்துபோன செம்பு மோதிரம் ஒன்று உண்டு. அந்த விரல் கட்டில் சட்டத்தில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும், சில நேரம் ரொம்ப வேகமாக. நடுக்கம் என்று நினைத்தேன். டாக்டரிடமும் நடுக்கம் என்றே சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டார். தட்டிக் கொஞ்ச நேரத்தில் துணி நனைந்திருக்கும். "சொன்னா என்னம்மா, ஒரு சத்தம் குடுத்தா என்ன?" என்று கோபித்துக்கொள்வேன். பேச்சுப் போனவளிடம். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. துணி துவைக்க வந்துகொண்டிருந்த ஒரு கிழவி ஒருநாள், "அண்ணாச்சி, ஆச்சி வெளிக்கித்தான் கேக்குறாக. நாலு நாளாப் பாக்கேன், நீங்க எந்திரிக்கவே மாட்டேங்கியளே" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா இரண்டு மாதம் இருந்தாள். அந்த இரண்டு மாதமும் கட்டில் சட்டத்துப் பக்கமே பாய் போட்டுப் படுத்தேன். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்படிப் பதில் சொல்ல முடியும் என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை.

எங்கள் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்து திருவண்ணாமலைக்குப் போன ரமணர், நாய்களை அது இது என்று சொல்வதில்லை. அவன், அவள் என்றுதான் பேசுவார். விருபாட்ச குகையில் இருந்த நாளில் அவருக்குத் தொண்டு செய்த பழனிசுவாமி ஒரு சின்ன நாயைக் கடிந்து பேசியதாகவும், அது நேரே ஓடிப்போய்ச் சங்கு தீர்த்தத்தில் விழுந்து செத்துப்போனதாகவும் ரமணரே சொல்லியிருக்கிறார். ஆசிரமத்து மிருகங்களுக்கும் அறிவும் நெறியும் உண்டு, முரட்டுத்தனமாக நடத்தக் கூடாது என்று அதற்குப் பிறகு எல்லோருக்கும் சொல்லப்பட்டதாம். நாய் தற்கொலை செய்துகொள்ளுமா என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். நானும் அதை நிச்சயமாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். என் கவனம் நாயின் மேல் இல்லை, பழனிசுவாமியின் மேல். மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகு எத்தனை நாள் அவர் வாய் திறந்திருப்பார்?

மணி கட்டியதில் ஒரு தொந்தரவு உண்டு என்று மருந்தகத்தில் முன்பே எச்சரித்திருந்தார்கள். குட்டிகள் கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொள்ளும், தேவையில்லாமலும் அடிக்கும் என்றார்கள். அப்படியே ஆயிற்று. அணில் பார்க்க அடிக்கிறது, மழை பார்க்க அடிக்கிறது, பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அடிக்கிறது. வெளியே போய் ஒரு சொட்டும் போகாமல் திரும்பி வந்தால் அடுத்த தரம் திறக்காதீர்கள், மூன்று நாளில் விட்டுவிடும் என்பது அவர்கள் சொன்ன வைத்தியம். நியாயமான வைத்தியம்தான். நான் செய்யவில்லை. பொய் எது மெய் எது என்று உட்கார்ந்த இடத்தில் தீர்மானிக்கிற சாமர்த்தியம் எனக்கு இருந்ததில்லை என்பதற்கு இரும்புக் கட்டில் இன்னும் பரணில் இருக்கிறது. அதனால் அடித்தால் எழுந்து போய்விடுகிறேன். என் மனைவி இதைச் செல்லம் என்கிறாள்.

போன வாரம் ராத்திரி இரண்டரை மணிக்கு மணிச்சத்தம். எழுந்து வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு போனேன். கதவைத் திறந்ததும் இறங்கிப் போயிற்று. முருங்கை மரத்தடிக்குப் போகவில்லை. முற்றத்தின் நடுவில் போய் உட்கார்ந்து மூக்கை மேலே தூக்கிக்கொண்டது. மேற்கே மலை இருக்கிற இடம் மட்டும் கறுப்பாக, மற்ற எல்லாம் நட்சத்திரம். சாஸ்தா கோயில் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அதற்கு ஒன்றும் வரவில்லை. நின்ற நேரத்தில் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. கக்கூஸ் வரை போக முடியாது என்று தோன்றி முருங்கை மரத்தடிக்குப் போனேன். திரும்பி வந்தபோதும் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. டார்ச்சை இரண்டு தரம் அணைத்து எரித்தேன். எழுந்து வந்து எனக்கு முன்னால் படியேறியது.

தாழ்ப்பாள் சத்தத்தில் என் மனைவி விழித்துக்கொண்டு உள்ளேயிருந்து கேட்டாள், "யாருக்கு, அதுக்கா உங்களுக்கா?"

"எனக்குத்தான்" என்றேன்.